இல்லை என்னும் சொல் எங்கே நிற்பது?

ஜப்பான் நாட்டிலே ஹனவா ஹொக்கிஇச்சி என்றொரு பேரறிஞர் வாழ்ந்தார். 1746-ஆம் ஆண்டு பிறந்து 1821-இல் மறைந்தவர். இளம்பிராயத்திலேயே நோயினால் இரு கண்களின் ஒளியையும் இழந்தவர். ஆயினும் அந்நாட்டுப் பழைய நூல்களைத் தேடித் திரட்டி, வகை பிரித்து, 'குன்ஷோ ருய்ஜூ' என்னும் பெயரால் 666 புத்தகங்கள் கொண்ட பெருந்தொகையாக அச்சேற்றித் தந்தவர். அதற்கென மரத்தில் செதுக்கிய அச்சுப் பலகைகள் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டவை இன்றும் டோக்கியோ நகரில் பேணி வைக்கப்பட்டுள்ளன.

அவர் பெற்ற கல்வியெல்லாம் பிறர் வாசிக்கக் கேட்ட கல்வியே. அவரை உலகம் போற்றுகிறது. அவருக்கு வாசித்துக் காட்டியவர்களை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? அவர்களுள் ஒருவன் அலுப்பினால் ஒரு வரியைத் தாண்டியிருந்தால்? விளங்காத சொல்லுக்குப் பதிலாகத் தனக்கு விளங்கிய சொல்லை வைத்திருந்தால்? அந்தப் பிழை அறிஞரின் நெஞ்சிலே பதிந்து, அங்கிருந்து மரப்பலகையில் ஏறி, இருநூறு ஆண்டுகள் நின்றிருக்கும். அறிஞர் மீது குற்றமில்லை. வாசித்தவனைக் கேட்பாருமில்லை.

சரிபார்க்க வழியற்ற ஒருவரிடம் நாம் சொல்லும் சொல்லுக்கு, சரிபார்க்க வல்லவரிடம் சொல்லும் சொல்லைவிடக் கூடுதலான பொறுப்பு உண்டா? உண்டாயின், அதன் எல்லை எது? அண்மையில் ஜப்பானிய மொழியில் நடந்துவரும் ஒரு சிறு பணியைப் பற்றி அறிய நேர்ந்தபோது இந்த வினா என்னைப் பற்றிக்கொண்டது. பணி சிறிதுதான், வினா சிறிதன்று.

கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றோர்க்குக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறார்கள். விலைக்கு விற்பவை பல உண்டு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்னும் மற்றொரு பார்வையற்ற நண்பரையும் துணைகொண்டு வளர்த்த 'என்விடிஏ' என்பதோ விலையின்றிக் கிடைப்பது. யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம். தம் மொழிக்குக் கொண்டுவரலாம். அவ்வாறு ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் தன்னார்வலர் அதனைப் பேச வைத்துள்ளனர். ஜப்பானிய மொழி அவற்றுள் ஒன்று. நம் தமிழும் ஒன்று.

இக்கருவி இருவகையாகப் பேசுகிறது. திரையில் எழுதியிருப்பதை வாசிப்பது ஒரு வகை. இது பொத்தான், இது தலைப்பு, இந்தக் கட்டம் குறியிடப்பட்டுள்ளது என்றெல்லாம் தன் சொந்த வாயால் அறிவிப்பது மற்றொரு வகை. மொழிபெயர்ப்பாளர் கையில் இருப்பவை இந்தச் சொந்த வாய்ச் சொற்கள். ஒரு கோப்பில் ஆங்கிலச் சொற்றொடர் மேலே நிற்கும். கீழே வெற்றிடம் இருக்கும். அதை நிரப்ப வேண்டும். அந்தச் சொல் எந்த இடத்தில் ஒலிக்கப் போகிறது என்று நிரலை எழுதியவரே மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு குறிப்பும் எழுதி வைப்பதுண்டு. அக்குறிப்பில்லாமல் தவிப்பவர்க்கே அதன் அருமை தெரியும். 'ஓப்பன்' என்னும் ஆங்கிலச் சொல் 'திற' என்னும் ஏவலா, 'திறந்துள்ளது' என்னும் செய்தியா? ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் அவை வேறு வேறு.

இனி, தலைப்பிலே வைத்த வினாவுக்கு வருகிறேன்.

இக்கருவியை நாள்தோறும் கையாள்பவர்கள் அது பேசி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. பழகாத நம் செவிக்கு வெறும் சலசலப்பாகத் தோன்றும் வேகத்தில் அவர்கள் அதைப் பேச வைக்கிறார்கள். சொல்லின் முற்பகுதி காதில் விழுந்து பொருள் பிடிபட்ட மாத்திரத்தில் அடுத்த விசையை அழுத்துகிறார்கள். விசை அழுந்தியதும் பழைய பேச்சு அறுபட்டுப் புதிய பேச்சு தொடங்கிவிடும். ஒரு பட்டியலில் நாற்பது பெயர்கள் இருந்தால் நாற்பதையும் இப்படி அரைகுறையாகக் கேட்டே கடந்து செல்கிறார்கள். இதைச் சோம்பல் என்று எண்ணிவிடலாகாது. நாமும் ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாகவா பார்க்கிறோம்? கண்ணை ஓட்டுகிறோம். அவர்கள் செவியை ஓட்டுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு பொருள் தெரிவு செய்யப்படாமல் இருந்தால், எதிர்மறைச் சொல் முதலில் வந்துவிடுகிறது. முதல் ஒலியிலேயே 'அல்ல' என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஜப்பானிய மொழி நம் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. மறுப்பையும் கடைசியில்தான் வைக்கும். 'சென்தாக்கு' என்றால் தெரிவு. 'சென்தாக்கு நஷி' என்றால் தெரிவு இல்லை. இதன் முற்பகுதியை மட்டும் கேட்டு விசையை அழுத்தியவர் என்ன கேட்டார்? தெரிவு ஆகியுள்ளது என்று கேட்டார். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, அகராதியைப் புரட்டினால் அது முற்றும் சரியானது, ஆனால் அவர் காதில் விழுந்தது பொய்.

ஜப்பானியத்தில் மாற்று வழி ஒன்றுண்டு. சீனத்திலிருந்து வந்த சொற்களுக்கு முன்னே 'மி', 'ஹி', 'ஃபு', 'மு' என்னும் எதிர்மறை ஒட்டுகளைச் சேர்க்கலாம். நியாயத்தின் முன்னே ஓர் ஒட்டைச் சேர்த்து நாம் அநியாயம் என்பதைப் போல. 'மிசென்தாக்கு' என்றால் இன்னும் தெரிவு ஆகவில்லை என்று பொருள். மறுப்பு முன்னே வந்துவிட்டது. அரைகுறையாகக் கேட்டாலும் ஆபத்தில்லை. ஆயினும் இதற்கும் ஒரு விலை இருக்கிறது. 'மி' என்பது ஒரே மாத்திரை ஒலி. விரைந்தோடும் குரலில் அது நழுவிப் போனால் எஞ்சுவது மறுபடியும் 'சென்தாக்கு'தான். அன்றியும் இத்தகைய சொற்கள் ஏட்டுக்குரியவை. வாய்ப்பேச்சில் சற்றே விறைப்பாக ஒலிப்பவை. கடைசியில் நிற்கும் தெளிவான மறுப்பா, முன்னால் நிற்கும் மெலிந்த மறுப்பா? இரண்டையும் தம் காதால் பலமுறை, பலவகை வேகத்தில் கேட்டுப் பாராமல் இதனைத் தீர்மானிக்க எவருக்கும் உரிமையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 'லா', 'மா', 'லம்' என்று மறுப்பை எப்போதும் முன்னிறுத்தும் அரபி மொழியைப் படித்துப் பழகிய எனக்கு, தமிழின் 'தேர்ந்தெடுக்கப்படவில்லை' என்னும் நெடுஞ்சொல் இதுவரை உறுத்தியதே கிடையாது. அதன் உயிர் முழுவதும் கடைசி மூன்றெழுத்தில் இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

இங்கே ஒரு மறுப்புரை எழலாம். "மொழிபெயர்ப்பாளனின் கடமை மூலத்தில் உள்ளதைத் தன் மொழியில் தருவது. கேட்பவர் பாதியில் எழுந்து போனால் அதற்கு அவன் பொறுப்பாளியா?" என்பார் சிலர். ஏட்டில் படிக்கும் நூலுக்கு இவ்வாதம் பொருந்தும். அங்கே வாசகன் மீண்டும் பார்க்கலாம், மூலத்தோடு ஒப்பிடலாம், வேறொருவரைக் கேட்கலாம். இங்கோ சொல் ஒரு நொடி காற்றில் நின்று மறைகிறது; அச்சொல்லை நம்பி விரல் நகர்கிறது; விரல் நகர்ந்த மாத்திரத்தில் ஒரு கடிதம் அழிந்திருக்கலாம், பணம் பிறர் கணக்குக்குப் போயிருக்கலாம். ஒருவர் எப்படிக் கேட்பார் என்று அறிந்திருந்தும், அவ்வாறு கேட்டால் பொய்யாகும் சொல்லை அவருக்கு வைப்பவன், 'நான் சொன்னது சரிதானே' என்று தப்பிக்க முடியாது. நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதைப் பூட்டாத பெட்டியில் வைத்துவிட்டு, 'பெட்டியில் வைத்தேனே' என்பது பதிலாகுமா?

ஆம், இல்லை என்னும் விடைகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. 'சேமிக்க வேண்டாமா?' என்று ஒருவர் தமிழில் கேட்டால், வேண்டாம் என்று எண்ணுபவர் 'ஆமாம், வேண்டாம்' என்பார். ஜப்பானியரும் அப்படியே 'ஹாய்' என்று ஒப்புக்கொள்வர். ஆங்கிலேயரோ அதே கருத்துக்கு 'நோ' என்பார். அரபி இலக்கணிகள் இதில் எச்சரிக்கையானவர்கள்; எதிர்மறை வினாவுக்கு 'நஅம்' என்றால் அந்த மறுப்பை ஒப்புக்கொண்டதாகும், மறுப்பைத் தள்ளி உடன்பாட்டை நிலைநாட்ட 'பலா' என்னும் தனிச்சொல் வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நஹ்வுப் பாடத்தில் இவ்விதியை எத்தனையோ ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். பொத்தான் அழுத்துவதோடு இதற்கு உறவு இருக்குமென்று எண்ணியதில்லை. எதிர்மறையில் அமைந்த ஆங்கில வினாவை ஜப்பானியத்தில் அப்படியே எதிர்மறையாக ஆக்கி, கீழே 'ஹாய்', 'ஈயே' என்னும் இரு பொத்தான்களை வைத்துவிட்டால், கேட்பவர் தம் மொழி வழக்கப்படி விடை சொல்லித் தம் உழைப்பை இழப்பார். வினாவையே உடன்பாடாகத் திருப்பி எழுதுவதுதான் நேர்மை. சொல்லுக்குச் சொல் விசுவாசமாய் இருந்து ஆளுக்குத் துரோகம் செய்வதில் என்ன பயன்?

ஜப்பானிய மொழிக்கே உரிய இடர் இன்னொன்று. அம்மொழியில் ஒரே ஒலியுடைய சொற்கள் மிகப் பல. கஞ்சி என்னும் சீன எழுத்துகளால் எழுதும்போது கண்ணுக்கு வேறுபாடு தெரியும், காதுக்குத் தெரியாது. 'கோக்காய்' என்றால் பலர் அறிய வெளியிடுதல்; 'கோக்காய்' என்றால் செய்ததற்கு வருந்துதல்; கடற்பயணத்துக்கும் அதுவே. ஒலியின் ஏற்ற இறக்கத்தால் ஓரளவு பிரித்தறியலாம் என்பது உண்மையே. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை இயந்திரக்குரல் சரியாகத் தந்தால்தானே! வெளியிடவா என்று கேட்கும் பொத்தான் வருந்தவா என்று கேட்டால் சிரிப்பு வரும். சிரிப்போடு போனால் நல்லது. 'ஷிரிட்சு' என்றால் தனியார் நடத்துவது; 'ஷிரிட்சு' என்றாலே நகராட்சி நடத்துவதும். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது குழப்பம் வராதிருக்க, ஜப்பானியர் முன்னதை 'வதகுஷிரிட்சு' என்றும் பின்னதை 'இச்சிரிட்சு' என்றும் வேண்டுமென்றே மாற்றி ஒலிப்பார்கள். இலக்கணம் வியர்த்தாலும் செவி தெளிகிறது. திரைவாசிப்பானுக்குச் சொல் தேடுபவர் கற்க வேண்டிய பாடம் இந்தத் தெருவழக்கில் இருக்கிறது.

எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழியிலும் பள்ளங்கள் உண்டு. ஒரே எழுத்துக்கோவையை 'ட்சுராய்' என்று வாசித்தால் துன்பமானது. 'கராய்' என்று வாசித்தால் காரமானது. ஸேர், ஸபர் போடாத அரபி எழுத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. காஃப், தே, பே என மூன்றெழுத்து நிற்கும். கதப என்றால் எழுதினான், குதிப என்றால் எழுதப்பட்டது, குதுப் என்றால் நூல்கள். மனிதன் முன்பின் பார்த்து வாசிப்பான். இயந்திரத்துக்கும் அந்த ஆற்றலை ஊட்ட வேண்டும். ஜப்பானியக் குழுவினர், நகோயா தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான 'ஓப்பன் ஜேடாக்' என்னும் குரலாக்கியை அடிப்படையாகக் கொண்ட குரலைத் தங்கள் பதிப்பிலே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அங்கே மொழிபெயர்ப்பாளர் தாளில் எழுதிப் பார்த்தால் போதாது. அந்தக் குரல் அதை எப்படி வாசிக்கிறது என்று கேட்டும் பார்க்க வேண்டும். தேவையானால் அழகிய கஞ்சியை விட்டு, ஒலியை அப்படியே காட்டும் கனா எழுத்தில் எழுத வேண்டும். கண்ணுக்கு அது சிறுபிள்ளை எழுத்தாகத் தோன்றும். தோன்றட்டும்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தது எழுத்து விளக்கம் என்னும் பகுதி. இதன் அருமையை உணரச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஜப்பானியப் பார்வையற்றோர்க்கான புள்ளியெழுத்தை இஷிகாவா குராஜி என்னும் ஆசிரியர் அமைத்தார். 1890 நவம்பர் 1 அன்று அது ஏற்கப்பட்டது. அது ஒலியை மட்டும் எழுதும். கஞ்சி அதிலே இல்லை. எனவே பார்வையற்றவர் எழுதியதைப் பார்வையுள்ள அண்டை வீட்டார் படிக்க இயலாது. அவர் எழுதியதை இவர் படிக்க இயலாது. ஒரே மொழி பேசி, ஒரே தெருவில் வாழ்ந்து, கடிதத்துக்கு மட்டும் இடையில் ஓர் ஆளை வைத்துக்கொண்டிருந்தார்கள். பேசும் கணினி வந்த பிறகே இந்த நிலை மாறியது. ஒலியைத் தட்டினால், அந்த ஒலிக்குரிய கஞ்சிகளைக் கணினி ஒவ்வொன்றாக முன்வைக்கும். எந்த எழுத்து என்று திரைவாசிப்பான் விளக்கிச் சொல்லும். காதால் கேட்டு, உரியதைத் தேர்ந்தால், எவரும் படிக்கத்தக்க கடிதம் தம் கையாலேயே முடிந்துவிடும்.

அந்த விளக்கத்தை எப்படிச் சொல்வது? ஆயிரக்கணக்கான எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுதொடர் வேண்டும். 'கவா' என்றால் ஆறு. அதற்குக் கஞ்சி இரண்டு. அவற்றுள் எளியது செங்குத்தான மூன்று கோடுகளால் ஆனது. ஆகவே பேச்சில் அதை 'மூன்று கோட்டு ஆறு' என்பார்கள். நாம் 'மூன்று சுழி ண' என்பதுபோலத்தான். பார்த்துப் பழகியவர்க்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. நடுவயதில் பார்வை இழந்தவர்க்கும் இது போதும். பிறவியிலேயே பார்வையற்றவர்க்கோ கோடும் சுழியும் பெரும்பாலும் பிறர் சொன்ன கதைகள். அவர் எழுத்தை அறிவது அதன் வடிவத்தால் அன்று. அது எந்தச் சொல்லில் வரும், என்ன பொருள் தரும் என்பதால். எனவே 'இன்ன சொல்லில் வருவது' என்னும் விளக்கமே இருசாராருக்கும் பயன்படும்.

நம் முன்னோர் செய்தது நினைவுக்கு வருகிறது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயர்களைப் பதிவு செய்த அறிஞர்கள், எழுத்தின் மேலுள்ள புள்ளி அழிந்துவிட்டால் ஒருவர் பெயர் இன்னொருவர் பெயராகிவிடும் என்று அஞ்சி, 'புள்ளியற்ற ஹே' என்றும் 'புள்ளியுள்ள ஸே' என்றும் எழுத்தைச் சொல்லாலேயே எழுதி வைத்தார்கள். முஹ்மலா, முஃஜமா என்னும் அந்தக் குறிப்புகளை மாணவப் பருவத்தில் வீண் விரிவென்று நான் தாண்டிப் போனதுண்டு. ஒரு மனிதனின் பெயர் மாறிவிடக்கூடாது என்னும் கவலை அதில் இருந்ததைப் பின்னாளில்தான் கண்டேன். டோக்கியோவில் ஒருவர் தம் நண்பரின் பெயரிலுள்ள எழுத்தைக் காதால் தேடிக் கண்டுபிடிக்கும்போது, எங்கோ ஒரு தன்னார்வலர் எழுதிய நான்கு சொற்களை நம்பியே தேடுகிறார்.

இரக்கம் குறுக்கே வரும் இடமும் ஒன்றுண்டு. ஜப்பானியத்தில் தலைப்பு என்பதற்கு 'மிதஷி' என்பார்கள். அதில் 'பார்த்தல்' என்னும் வேர் இருக்கிறது. பார்வையற்றவரிடம் பார்த்தலைச் சொல்லலாமா என்று தயங்குவோர் உண்டு. தேவையற்ற தயக்கம். பார்வையற்றோர் தாமே 'நேற்று அவரைப் பார்த்தேன்' என்று இயல்பாகப் பேசுகிறவர்கள். ஹனவாவைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஓரிரவு அவர் பாடம் சொல்லிக்கொண்டிருக்கையில் காற்றில் விளக்கு அணைந்தது, மாணவர்கள் தடுமாறினார்கள், பார்வையுள்ளவர்களுக்கு எவ்வளவு தொல்லை என்று அவர் நகைத்தாராம். மரியாதைச் சொற்களிலும் இப்படியே. ஜப்பானிய மொழி பணிவுக்குப் பெயர் பெற்றது. பணிவு கூடக் கூடச் சொல்லின் வால் நீளும். ஒரு நாளில் ஆயிரம் முறை ஒலிக்கும் சொல்லில் நீண்ட வாலைக் கட்டிவிடுவது விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி நலம் விசாரிப்பது போன்றது.

யார் தீர்மானிப்பது என்னும் கேள்வியே கடைசியில் எஞ்சுகிறது. ஐபிஎம் நிறுவனத்தின் டோக்கியோ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அசகாவா சியெகோ அம்மையார் பதினான்காம் வயதில் பார்வையை இழந்தவர். 1997-இல் அவர் ஆக்கித் தந்த 'ஹோம் பேஜ் ரீடர்' என்னும் மென்பொருள், சாதாரண எழுத்தை ஆண்குரலிலும் இணைப்புள்ள எழுத்தைப் பெண்குரலிலும் வாசித்தது. 'இது இணைப்பு' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. கேட்பவரே ஆக்குபவராய் இருந்ததால் உதித்த யோசனை அது. பார்வையுள்ள மொழிபெயர்ப்பாளர் விலகி நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாம் இட்ட சொல்லைக் கேட்டுப் பழகியவரிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறேன். பழைய சொல்லை மாற்றும்போது இது இன்னும் முக்கியம். புதிய சொல் சிறந்ததாகவே இருக்கலாம். ஆனால் பார்வையற்றவர் வீட்டில் நாற்காலியை நகர்த்துமுன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் அல்லவா?

நான் இதைச் சொல்லத் தகுதியுள்ளவனா என்று கேட்டால், தயங்கியே ஒன்றைச் சொல்வேன். எனக்குப் பதினைந்து வயதிருக்கும். எங்கள் தெருவில் பார்வையிழந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் மகன் சபரில் இருந்தார். வரும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒரு கடிதத்தில், மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, தங்கையின் நிக்காஹ் செலவுக்கு இப்போதைக்கு என்னை நம்ப வேண்டாம் என்று மகன் எழுதியிருந்தார். பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த இரண்டு வரிகளை விழுங்கிவிட்டு, ஸலாம் சொல்லி முடித்த வரிக்குத் தாவினேன். மகன் பணம் அனுப்புவான் என்னும் நம்பிக்கையில் அவர் நாள் குறித்தார். பின்பு வீட்டை அடகு வைத்தார். இரக்கத்தால் செய்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விஷயம் தெரிந்தபின் அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த கடிதம் வந்தபோதும் என்னையே கூப்பிட்டனுப்பினார். கடிதத்தை என் கையில் கொடுக்கும் முன் அதன்மேல் தம் விரல்களை மெல்ல ஓட்டினார். "தம்பி, இதுல மொத்தம் எத்தனை வரி இருக்கு? முதல்ல எண்ணிச் சொல்லுங்க, அப்புறம் வாசிங்க" என்றார். பதினேழு வரி என்று எண்ணிச் சொன்னேன். நான் வாசிக்க வாசிக்க, அவர் தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வந்தார்.